தெரியாமல் கேட்பவருக்குப் பதில் சொல்வது எப்படி?

ஒரு தொழில்நுட்பக் குழுவில் சேர்ந்து, கொஞ்ச காலம் கேள்வி கேட்டுக் கற்றுக்கொண்டு, இப்போது "அட, இதற்கு எனக்கே பதில் தெரியுமே" என்று தோன்றும் கட்டத்துக்கு வந்திருக்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். முகம் தெரியாத ஒருவர் அரிச்சுவடிக் கேள்வியோடு வந்து நிற்கும்போது, அவர் மனம் சுருங்காமல், அவருடைய வேலையும் நடக்கும்படி பதில் எழுதுவது எப்படி என்பதை நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

என் அளவுகோல் ஒன்றே ஒன்று: என் பதிலைப் படித்தவர் தன் அடுத்த கேள்வியையும் இங்கேயே கேட்பாரா? கேட்பார் என்றால் அது நல்ல பதில். விவரமெல்லாம் சரியாக இருந்தும் அவர் வாயை மூடிக்கொண்டார் என்றால் அந்தப் பதில் தோற்றுவிட்டது.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு குழுவில் ஒருவர், "பைத்தானை நிறுவிவிட்டேன். ஆனால் பைத்தான் என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது" என்று கேட்டார். (பைத்தான் ஒரு நிரல்மொழி.) அந்த வாரத்தில் அந்தக் கேள்வி வந்தது அது மூன்றாவது முறை. "ஏற்கெனவே பதில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்" என்று ஒரு வரி போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது கேள்வியைக் காணோம். அவரே அழித்துவிட்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் ஒரு கேள்வியும் வரவில்லை. நான் எழுதியதில் ஒரு கெட்ட சொல்கூட இல்லை. அதனால்தான் இன்றுவரை உறுத்துகிறது.

முதல் வேலை: கேள்வியை இரண்டு முறை படிப்பது

பள்ளி இலக்கணத்தில் வினா ஆறு வகை என்று படித்திருப்போம். விடை தெரிந்துகொண்டே ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினா. தெரியாததால் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று குழம்பிக் கேட்பது ஐய வினா. புதியவர் கொண்டு வருவது பெரும்பாலும் அறியா வினா. நாமோ விடைத்தாள் திருத்துகிறவர்போல அதைப் பார்க்கிறோம். கேள்வி சரியாக அமையவில்லை, விவரம் போதாது, தலைப்பு தவறு என்று சிவப்பு மையில் சுழிக்கிறோம். அவர் தேர்வு எழுத வரவில்லை.

முதல் முறை படிக்கும்போது அவருக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். இரண்டாவது முறை, இதுவரை அவர் என்ன செய்து பார்த்திருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஏதோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். "நேற்றிலிருந்து முயல்கிறேன்" என்று ஒரு துணுக்கு இருக்கும். மூன்று முறை நீக்கி நிறுவினேன் என்று போகிற போக்கில் சொல்லியிருப்பார். அதுதான் அவருடைய உழைப்பு. பதிலில் அதைக் கண்டுகொண்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதி பயம் போய்விடும்.

திரையை மொபைலில் படம் எடுத்துச் சாய்வாக, மங்கலாகப் போட்டிருந்தால் சோம்பேறித்தனம் என்று முடிவுகட்ட வேண்டாம். டெர்மினலிலிருந்து, அதாவது கட்டளைகளை அடிக்கும் திரையிலிருந்து, எழுத்தை நகலெடுக்கக் கண்ட்ரோல்-சி அழுத்தியிருப்பார். வேறெங்கும் அது நகலெடுக்கும். டெர்மினலில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே நிறுத்திவிடும். லினக்ஸ் இயங்குதளத்தில் பல டெர்மினல்களில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-சி அழுத்த வேண்டும் என்பதை யாராவது சொன்னால்தானே தெரியும்? யாரும் சொல்லாதபோது, கையில் இருக்கும் மொபைலால் படம் எடுத்து அனுப்புவது நல்ல யோசனைதான்.

படிக்கும்போதே கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (ஒரு சேவையை நிரல் வழியாகப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியச் சாவி), தொலைபேசி எண் போன்ற எதையாவது தெரியாமல் ஒட்டியிருக்கிறாரா? இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். தனிச்செய்தியில், "உங்கள் கேள்வியில் பாஸ்வேர்டும் வந்துவிட்டது. முதலில் அதை நீக்கிவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். கேள்விக்கு இதோ பதில் எழுதுகிறேன்" என்று சொல்லுங்கள். நீக்கினால் மட்டும் போதாது, அதற்குள் யாரும் பார்த்திருக்கலாம் என்பதால் மாற்றவும் வேண்டும். எல்லார் முன்னாலும் சுட்டிக்காட்டினால் அவருக்கு அவமானம்; அதோடு, பார்க்காதவர்களும் போய்ப் பார்ப்பார்கள்.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது?

பதில் எழுத உட்காரும்போது "இது என்ன கேள்வி" என்று ஓர் எரிச்சல் தலைதூக்கும். எனக்கும் வரும். அதன் வேர் தெரிந்தால் அடக்குவது சுலபம்.

1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஓர் ஆய்வு செய்தார். சிலரை எல்லாருக்கும் தெரிந்த பாடல்களின் மெட்டை மேசையில் தட்டச் சொன்னார். எதிரே இருப்பவர் அது என்ன பாடல் என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், பாதிக்குப் பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுபவரின் தலைக்குள் பாடல் முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. எதிரே இருப்பவர் காதில் விழுவது டக் டக் என்ற சத்தம்தான்.

நாம் எழுதும் பதில்களில் பாதி இப்படிப்பட்ட தட்டல்தான். "என்விரான்மென்ட் வேரியபிளைச் சரிபாருங்கள்" என்று எழுதும்போது நமக்குள் முழுப் பாட்டும் கேட்கிறது. அவருக்கு டக் டக். அவர் மறுபடி கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. இதற்கு நான் செய்வது, எழுதி முடித்த பதிலில் எந்தெந்தச் சொல்லை நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று ஒருமுறை பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அரை வரி விளக்கம் சேர்ப்பேன்.

இப்போது பதிலை எழுதுவோம்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கேள்வி இது: "பைத்தான் வேலை செய்யவில்லை. என்ன செய்வது?" கூடவே மொபைலில் எடுத்த படம். உற்றுப் பார்த்தால், நிரலின் நான்காவது வரியில் பிரிண்ட் "வணக்கம்" என்று இருக்கிறது. கீழே, அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது என்று சொல்லும் பிழைச்செய்தி.

"பிழைச்செய்தியைப் படித்தாலே தெரியுமே" என்பது பலருடைய முதல் பதில். உண்மைதான், செய்தியே விடையைச் சொல்கிறது. ஆனால், பிழைச்செய்தி என்பது படிப்பதற்கு உரியது என்பதே அவருக்கு இன்னும் தெரியாது. சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்துவிட்டார். "அடைப்புக்குறி போடுங்கள்" என்பது இன்னொரு பதில். இதில் தவறு இல்லை, வேலையும் நடக்கும். ஆனால் ஏன் போட வேண்டும், தான் பார்த்துப் படித்த பாடத்தில் ஏன் இல்லை என்பது புரியாது. நாளைக்கு இதே மாதிரி வேறொரு பிழையோடு நிற்பார்.

நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"வணக்கம். படத்தைப் பார்த்தேன். உங்கள் பைத்தான் நன்றாகவே ஓடுகிறது. நான்காவது வரியில்தான் நின்றிருக்கிறது. பைத்தான் 2-இல் பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி தேவைப்படவில்லை; பைத்தான் 3-இல் கட்டாயம். நீங்கள் பார்த்துப் படிக்கும் பாடம் பழைய பதிப்புக்கு எழுதியதாக இருக்கும் என்று நினைக்கிறேன். பிரிண்ட்("வணக்கம்") என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். இன்னொன்று: பைத்தானில் பிழை வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வேறு பிழை வந்தால் அந்த எழுத்தை அப்படியே நகலெடுத்து இங்கே ஒட்டுங்கள். எழுத்தாக இருந்தால் எங்களுக்கும் தேட வசதியாக இருக்கும்."

இதில் பழி எங்கே போகிறது என்று பாருங்கள். பாடம் பழையது. பைத்தான் 3 வெளிவந்தது 2008-இல். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. அதற்கு முந்தைய பாடங்கள் இணையத்தில் இன்னும் ஏராளமாகக் கிடக்கின்றன. புதியவர் பாடத்தில் இருந்ததை ஓர் எழுத்து மாறாமல் அடித்தும் பிழை வருகிறது. தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். காரணத்தைச் சொன்னால் அந்த நினைப்பு போய்விடும். "படம் போடாதீர்கள்" என்ற கண்டிப்பும் இதில் இல்லை. எழுத்தாகப் போட்டால் என்ன நன்மை என்பது இருக்கிறது. அடுத்த முறை எழுத்தாகத்தான் வரும்.

கடைசியாக, "வேறு பிழை வந்தால் இங்கே ஒட்டுங்கள்." இந்த ஒரு வரியை எந்தப் பதிலிலும் விடாதீர்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்குகிறவருக்கு, மறுபடி வரலாம் என்ற அனுமதி அதுதான்.

தவிர்க்க வேண்டிய சில சொற்கள்

"இதுகூடத் தெரியாதா?" என்று யாரும் வேண்டுமென்று எழுதுவதில்லை. ஆனால் "என்னது, கிட் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லையா!" என்று வியப்பாக எழுதுகிறோம். அதற்கும் இதற்கும் பொருள் ஒன்றுதான். நியூயார்க்கில் நிரலாளர்கள் கூடிக் கற்கும் ரிகர்ஸ் சென்டர் என்ற இடத்தில், இப்படி வியப்புக் காட்டக்கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். பேச்சின் போக்குக்குத் தேவையே இல்லாத சின்னத் திருத்தத்தோடு குறுக்கே வரக்கூடாது என்பதும் அங்கே ஒரு விதி. ஒருவர் நல்ல பதில் எழுதியதும் அடியில் வந்து "சரியாகச் சொன்னால் அது ஃபங்ஷன் அல்ல, மெத்தட்" என்று எழுதுவது நம் குழுக்களிலும் நடக்கிறது. புதியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

"ரொம்ப சிம்பிள்", "ஈஸிதான்". இவை ஆறுதலாகச் சொல்லப்படுபவை, தெரியும். ஆனால் இரண்டு நாள் மல்லுக்கட்டியவரிடம் அது ஈஸி என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? "இது எல்லாரும் தடுமாறும் இடம்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

அப்புறம், விளிச்சொல். "நீங்கள்" போதும். எவ்வளவு இளையவராகத் தோன்றினாலும் "நீ" வேண்டாம். "தம்பி, முதலில் அடிப்படையைப் படி" என்பதில் பாசம் தொனிக்காது, அதிகாரம்தான் தொனிக்கும். "ப்ரோ", "சார்" என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் ஆண் என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். எத்தனையோ பெண்கள் இதைத் திருத்தித் திருத்திச் சலித்துப்போய் விலகியிருக்கிறார்கள். அவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாலும், ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வந்திருந்தாலும் அதைத் திருத்தப் போகாதீர்கள். அவர் கேட்டது மொழியைப் பற்றி அல்ல.

தேடச் சொல்வது எப்படி?

தேடச் சொல்வதே தவறு என்று நான் நினைக்கவில்லை. தேடக் கற்றுக்கொள்வது இந்தத் துறையில் பெரிய திறமை. ஆனால் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது? தொடக்கத்தில் சொன்னேனே, அந்தக் கேள்விக்கு விடை, நிரல்களை எங்கே தேடுவது என்று கணினிக்குச் சொல்லும் 'பாத்' என்ற அமைப்பில் இருக்கிறது. விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது முதல் திரையின் அடியில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதை டிக் செய்யாமல் விட்டுவிட்டால், பைத்தான் எங்கே இருக்கிறது என்பது கட்டளைத் திரைக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் அவருக்கு வந்த பிழைச்செய்தியில் பாத் என்ற சொல்லே கிடையாது. சொல் தெரியாதவரைத் தேடச் சொன்னேன். முகவரி கொடுக்காமல் வீட்டுக்கு வரச் சொன்னது போலத்தான் அது.

ஆகவே தேடச் சொல்வதென்றால் சொல்லைக் கொடுங்கள். "இதற்குப் பெயர் பாத். விண்டோஸ் பைத்தான் பாத் என்று தேடினால் நிறைய வரும். அதிகாரப்பூர்வ ஆவணத்தில் விண்டோஸ் பற்றிய பகுதியைப் பாருங்கள், இதோ இணைப்பு." இலக்கணத்தில் சுட்டு விடை என்பார்கள், "இந்தப் பக்கம்" என்று கைகாட்டுவது. கைகாட்டினால் கை ஒரு திசையில் நீள வேண்டும். நூறு பக்க ஆவணத்தின் முகப்புக்கு இணைப்புக் கொடுத்தால் அது கைகாட்டியதாகாது.

1991 ஜூலை 3 அன்று, ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் ஒருவர், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்கள் கூடும் யூஸ்நெட் குழுவில் (யூஸ்நெட் என்பது அன்றைய விவாத மேடை) ஒரு கேள்வி கேட்டார். இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் விதிகளின் அண்மைப் பதிப்பு கணினியில் படிக்கும் வடிவில் எங்கே கிடைக்கும்? ஏதோ ஒரு வேலைக்காக என்று மட்டும்தான் காரணம் சொன்னார். ஆவணம் எங்கே கிடைக்கும் என்ற, இன்றைக்கு "தேடிப் பாருங்கள்" என்று ஒரே வரியில் தள்ளிவிடக்கூடிய கேள்வி. கேட்டவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அந்த வேலைதான் பின்னாளில் லினக்ஸ் ஆயிற்று. அதே ஆண்டில் ஆரி லெம்கே என்பவர் அதை வெளியிடத் தன் சர்வரில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். லினக்ஸ் என்ற பெயரை அந்தக் கோப்புறைக்கு வைத்தவரும் அவரே. எல்லாரும் டோர்வால்ட்ஸ் ஆகிவிடுவார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்பவர் எதைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது கேள்வியைப் பார்த்தால் தெரியாது.

எதிர்க்கேள்வி கேட்கும் முறை

"கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்தை எடுப்பது எப்படி?" என்று ஒருவர் கேட்கிறார். அவருக்கு உண்மையில் வேண்டியது, கோப்பு எந்த வகை என்று சொல்லும் பின்னொட்டாக இருக்கலாம். எல்லாப் பின்னொட்டும் மூன்று எழுத்து அல்ல. படக் கோப்பு வகையான ஜேபெக் நான்கு எழுத்திலும் வரும். கேட்டதற்கு மட்டும் விடை சொன்னால் நாளைக்கு நிரல் தவறும். "எதற்கு இப்படிச் செய்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டால் குறுக்கு விசாரணை மாதிரி இருக்கும்.

நான் இரண்டையும் சேர்த்துச் செய்வேன். முதலில் கேட்டதற்கு விடை. அடுத்த பத்தியில், "கோப்பின் வகையைக் கண்டுபிடிக்கத்தான் இது என்றால், அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. எதற்காக என்று சொன்னால் பொருத்தமானதைச் சொல்கிறேன்." விடை கையில் கிடைத்த பிறகு கேட்கப்படும் கேள்வி யாரையும் சுடுவதில்லை. விவரம் போதாமல் கேட்கும்போதும் அப்படித்தான்: எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கேட்காதீர்கள். மிக முக்கியமான ஒன்றிரண்டை மட்டும் கேளுங்கள், அதை எங்கே பார்ப்பது என்றும் சொல்லுங்கள். "எந்தப் பதிப்பு?" என்று கேட்டால், பதிப்பு எண்ணைக் காட்டும் கட்டளையையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கடுமையாக இருப்பேன். கோப்புகளை மொத்தமாக அழிக்கும் கட்டளையைக் கொடுத்து, "இதை ஓட்டினால் கணினி வேகமாகும்" என்று புதியவரிடம் விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் நம்பி ஓட்டுவார். வருடக்கணக்கில் சேர்த்த படங்கள் போகும். இப்படி ஒன்றைக் கண்டால் தயங்காமல் அடியில் "இதை ஓட்டாதீர்கள், கோப்புகள் அழிந்துவிடும்" என்று எழுதிவிட்டு, நிர்வாகியிடம் சொல்லி அதை நீக்க வையுங்கள்.

வேறொருவர் கடுமையாகப் பேசிவிட்டால், அங்கேயே அவரோடு வாதத்தில் இறங்க வேண்டாம். புதியவரின் கேள்வி சண்டைக்கு நடுவே காணாமல் போய்விடும். நீங்கள் உடனே நல்ல பதில் ஒன்றை எழுதிவிடுங்கள். கடுமையாகப் பேசியவரிடம் தனியாகப் பேசுங்கள். பெரும்பாலும் அவரும் களைத்துப் போனவராகத்தான் இருப்பார். நிர்வாகிகளுக்கும் இதில் பெரிய பொறுப்பு உண்டு. நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெற 2008-இல் தொடங்கிய ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளத்தின் நிர்வாகமே 2018 ஏப்ரலில், தங்கள் தளம் பலருக்கு, அதிலும் புதியவர்களுக்கும் பெண்களுக்கும், வரவேற்பில்லாத இடமாக இருக்கிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் நடத்தை விதிகளைப் புதிதாக எழுதினார்கள். புதிதாக வந்தவரின் பெயருக்கு அருகே அதைக் காட்டும் குறி ஒன்றையும் சேர்த்தார்கள்.

களைப்பும் எல்லையும்

எல்லாக் கேள்விக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை. களைப்பாக இருந்தால் கடந்து போய்விடுங்கள். வேறு யாராவது வருவார்கள். இணையத்தில் பழகும் முறை பற்றி 1995 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணத்திலேயே, உணர்ச்சிவசப்பட்டு எழுதிய பதிலை ஓர் இரவு பொறுத்து அனுப்புங்கள் என்று இருக்கிறது. நான் இதைப் பின்பற்றுகிறேன். காலையில் பார்க்கும்போது அனுப்பத் தோன்றிய பதில் மிகக் குறைவு.

மரியாதை என்றால் எதற்கும் தலையாட்டுவது என்று பொருளில்லை. முழு நிரலையும் எழுதித் தரச் சொன்னால், "முழுவதையும் எழுதித் தர இயலாது. நீங்கள் எதுவரை எழுதியிருக்கிறீர்கள் என்று காட்டுங்கள், அங்கிருந்து சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லலாம். சொன்னதைச் செய்து பார்க்காமலே நான்காவது முறையாகக் கேட்டால், "மேலே சொன்ன இரண்டாவது படியைச் செய்து பார்த்தீர்களா? என்ன வந்தது?" என்று அதிலேயே நில்லுங்கள். பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதுங்கள். சொன்னது தவறாகிவிட்டால் பதிலைத் திருத்தி, மேலேயே "முதலில் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று போடுங்கள். பெரிய ஆட்களும் தவறுவார்கள் என்று புதியவர் கண்ணால் பார்ப்பது அவருக்கு நல்லது.

ஒரே கேள்வி மாதத்துக்கு ஐந்து முறை வந்தால் குறை கேட்பவரிடம் இல்லை, நம் ஆவணத்தில் இருக்கிறது. நல்ல பதிலாக ஒன்றை எழுதிச் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதை ஒட்டும்போது அந்த நபருக்கென்று ஒரு வரியை மேலே சேருங்கள். பாத் கேள்விக்கு நான் அப்படி எழுதி வைத்திருக்கும் பதில் பதினோரு வரி. முதல் வரி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

"நன்றி, சரியாகிவிட்டது" என்று அவர் எழுதியதும் ஒரு வேலை மீதி இருக்கிறது. எந்தப் படியில் சரியானது என்று கேளுங்கள். அவர் சொல்வது பல சமயம் நீங்கள் எதிர்பார்த்த படியாக இருக்காது. டெர்மினலை மூடிவிட்டு மறுபடி திறந்த பிறகுதான் வந்தது என்பார். அதை நீங்கள் எழுத மறந்திருப்பீர்கள். சேமித்து வைத்த பதிலில் அந்த வரியை உடனே சேர்த்துவிடுங்கள். என் பதினோரு வரியில் நான்கு அப்படிச் சேர்ந்தவை.